நீரில் அமிழும் இறகுப்பூச்சி: கட்டும் முறையும் தூண்டிலிடும் முறையும்

இலங்கையின் மலைநாட்டு ஓடைகளிலே டிரவுட் எனும் மீன் வாழ்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் அதனைக் கொணர்ந்து நுவரெலியாவின் குளிர்நீரில் விட்டனர். பின்னர் ஹோர்ட்டன் சமவெளியிலும் வானவில் டிரவுட் இனம் நிலைபெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்மீன் வாழாது. அதற்குக் குளிர்ந்த ஓடுநீர் வேண்டும். இங்குள்ள வழுக்கியாறோ மாரி கழிந்தால் வற்றிவிடும். ஆயினும் டிரவுட்டுக்கெனக் கட்டப்படும் இறகுப்பூச்சி, குளத்துக் கெண்டைக்கும், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கும் ஏற்றதே.

நீர்ப்பூச்சிகள் பலவும் இளம்பருவத்தை நீரினுள்ளே கழித்து, சிறகு முளைக்கும் வேளையில் மேலே எழுகின்றன. அவ்வேளையில் அவை தப்பியோட வலியற்றவை. மீனுக்கு எளிய இரை. அமிழும் இறகுப்பூச்சி குறித்த ஒரு பூச்சியின் உருவன்று. எழுகின்ற பூச்சி எதற்கும் பொதுவான சாயல். ஆதலாற்றான் அது பலவிடத்தும் பயன்படுகின்றது.

இங்கிலாந்தின் வடபகுதியில் இதனைக் கௌதாரியினப் பறவையின் இறகாலும் செம்மஞ்சட் பட்டுநூலாலும் கட்டுவர். இங்கு அதற்காகக் கௌதாரியைப் பிடித்தல் வேண்டா. பேட்டுக்கோழியின் கழுத்திறகு போதும். சேவலிறகு ஆகாது, அது விறைப்பானது, நீரின்மேல் மிதக்க முயலும். பேட்டின் இறகு மென்மையானது; நனைந்து அமிழ்ந்து, சிறு நீரசைவிலும் உயிருள்ளதுபோற் துடிக்கும்.

12 அல்லது 14ஆம் இலக்கத் தூண்டில்முள்ளை இடுக்கியிற் பற்றுக. கண்ணுக்குச் சற்றுப் பின்னே பட்டுநூலைத் தொடங்கி, முள்நுனிக்கு நேரான இடம்வரை நெருக்கமாகச் சுற்றி, மீண்டும் கண்வரை கொணர்க. இதுவே உடல், பருக்கவிடலாகாது. இறகின் அடியிலுள்ள பஞ்சு போன்ற பகுதியை நீக்கி, நுனியைக் கண்ணருகே கட்டி, இரு சுற்று மட்டும் சுற்றுக. அதிகம் சுற்றிப் பகட்டாக்குதல் பழகாதார் செய்யும் பிழை. எஞ்சிய இறகை வெட்டி, முடிச்சிட்டு, ஒரு துளி நகப்பூச்சு இட்டு உலரவிடுக.

மூங்கிற்றடியின் நுனியில் தடியளவு நீளமான தங்கூசியைக் கட்டினாற் போதும், சுழலி வேண்டியதில்லை. ஓடுநீரில் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, நீரோட்டம் வளைத்து இழுக்க விடல் வேண்டும். இழுப்பு முடிந்து பூச்சி மேலெழும் கணத்திலேயே மீன் பெரும்பாலும் கவ்வும். குளத்திலோ, அமிழவிட்டு, சாண் சாணாக மெல்ல இழுத்து இடையிடையே நிறுத்துக. காலையும் மாலையும் உகந்தவை. மலைநாட்டில் உரிய அனுமதியின்றித் தூண்டிலிடலாகாது.

நெல்லும் மரக்கறியும் செய்வோர் ஒன்றை நோக்குதல் வேண்டும். நீர்ப்பூச்சி இல்லாத குளத்தில் மீன் செழிக்காது. வயலில் தெளித்த பூச்சிகொல்லி மாரிவெள்ளத்தோடு குளத்திற் சேரின், முதலில் மடிவன இப்பூச்சிகளே. பைரெத்திராய்டு வகை மருந்துகள் மனிதருக்கு ஒப்பளவிற் குறைந்த தீங்கினவாயினும் மீனுக்கு மிகக் கொடியவை. மீன் குறையின், நுளம்புக் குடம்பிகளை உண்பாரும் குறைவர். மழை எதிர்பார்க்கப்படும் நாளில் மருந்து தெளித்தலைத் தவிர்க்க. தெளிகருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கழுவலாகாது. கழுவிய நீரை மருந்து தெளித்த பாத்தியிலேயே தெளித்துவிடுக.