டிவிடி நிகழ்படக்கருவிப் பதிவுகளின் முழுமையற்ற இறக்கம்

டிவிடி நிகழ்படக்கருவி என்பது காட்சிகளை 8 செ.மீ. விட்டமுள்ள சிறு டிவிடி வட்டில் நேரடியாகப் பதியும் கையடக்கக் கருவி ஆகும். பேச்சுவழக்கில் இது டிவிடி கேம்கார்டர் எனப்படுகிறது. இட்டாச்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இவ்வகைக் கருவியை அறிமுகப்படுத்தியது. பின்னர் சோனி, பானசோனிக், கேனான் முதலியவையும் இவற்றைத் தயாரித்தன. நினைவக அட்டையில் பதியும் கருவிகள் பரவியதும் இவை வழக்கொழிந்தன. எனினும் அக்காலத்துத் திருமணம், கோயில் கொடை போன்ற பதிவுகள் பல இவ்வட்டுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றைத் தொகுப்பு மென்பொருளில் ஏற்றும்போது ஒரு பகுதி மட்டும் வருவது பரவலான சிக்கலாகும்.

வட்டின் அமைப்பு

ஒருபக்க வட்டின் கொள்ளளவு சுமார் 1.4 கிகாபைட்டு. உயர்தர நிலையில் இதில் ஏறத்தாழ 20 நிமிடங்கள் பதியலாம். படம் எம்பெக்-2 முறையிலும், ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி-3 முறையிலும் குறுக்கப்படுகின்றன. வீடியோ முறையில் பதிந்த வட்டில் காட்சிகள் விஓபி கோப்புகளாகவும், அவற்றின் வரிசை விவரம் ஐஎஃப்ஓ கோப்பிலும் இருக்கும். விஆர் முறையில் எல்லாக் காட்சிகளும் விஆர்ஓ என்னும் ஒரே கோப்பில் சேரும்.

காரணங்கள்

1. கோப்புப் பிரிவு: ஒரு விஓபி கோப்பு 1 கிகாபைட்டைத் தாண்டாது. எனவே நிறைந்த வட்டில் பதிவு இரு கோப்புகளாகப் பிரியும். முதற்கோப்பை மட்டும் ஏற்றினால் பதிவு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் நின்றுவிடும்.

2. நேரமுத்திரை முறிவு: புதிய காட்சி தொடங்கும்போது கோப்பினுள் நேரக்கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். சில மென்பொருள்கள் அதனைக் கோப்பின் முடிவாகக் கருதி முதற்காட்சியுடன் நின்றுவிடும்.

3. நிறைவாக்கம் இன்மை: 'ஃபைனலைஸ்' எனப்படும் நிறைவாக்கம் செய்யப்படாத வட்டைக் கணினி வெற்று வட்டாகக் காட்டலாம்.

4. கீறல்: படிக்க இயலாத பகுதியை அடைந்ததும் நகலெடுப்பு நின்றுவிடும்.

5. ஒலிக்குறிநீக்கி இன்மை: ஏசி-3 ஒலியை அறியாத மென்பொருளில் படம் மட்டும் வரும்.

தீர்வுகள்

முதலில் வட்டைக் கருவியிலேயே ஓட்டி மொத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறைவாக்கம் செய்யாதிருப்பின், மின்கலத்தை நம்பாமல் மின்னிணைப்பில் வைத்து அதே கருவியில் அதனைச் செய்வது நல்லது. கருவி பழுதாகியிருந்தால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் உதவக்கூடும். வட்டை வடிவமைக்குமாறு கணினி கேட்டால் உடன்படக் கூடாது. மீளெழுதும் வட்டாயின் பதிவு அழிந்துவிடும்.

அடுத்து, வட்டிலுள்ள கோப்புறை முழுவதையும் வன்தட்டுக்கு நகலெடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் மென்பொருள் ஐஎஃப்ஓ கோப்பைப் படித்து, பிரிந்த பகுதிகளை ஒரே கோப்பாக மாற்றித் தரும். மறுகுறுக்கத்தால் தரம் குறைவதைத் தவிர்க்க விரும்புவோர், 0 என்று முடியும் பட்டிக் கோப்பை விடுத்து, விஓபி கோப்புகளை எண் வரிசையில் இணைத்து, எஃப்எஃப்எம்பெக் கொண்டு நேரமுத்திரைகளைப் புதிதாக எழுதலாம். கீறல் விழுந்த வட்டிற்கு, பழுதான பகுதியைத் தாண்டிப் படிக்கும் டிடிரெஸ்க்யூ ஏற்றது. சிறு வட்டைத் தட்டு வகை இயக்கியில் மட்டுமே வைக்க வேண்டும். உள்ளிழுக்கும் வகை இயக்கிகளில் அது சிக்கிக்கொள்ளக்கூடும்.

இறுதியில், கிடைத்த கோப்பின் நேரத்தை முன்பு குறித்த நேரத்துடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தும்வரை மூலவட்டைக் கைவிடலாகாது.

பாதுகாப்பு

ஒருமுறை எழுதும் வட்டுகளில் பதிவைத் தாங்குவது கரிமச் சாய அடுக்கு ஆகும். வெப்பம், ஈரப்பதம், ஒளி ஆகியவை அதனைச் சிதைக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் போன்ற கடலோரப் பகுதி ஊர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஆகவே அத்தகைய இடங்களில் உள்ள வட்டுகளைக் காலந்தாழ்த்தாது நகலெடுத்து, இரு வேறு இடங்களில் சேமிப்பது நன்று.