நாரைக்குக் காவல் நிற்கும் கிராமத்துப் பெண்கள்

கொல்லையில் நிற்கும் மரம் குடியானவனுக்கு ஒரு சேமிப்பு. மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தாலும், கூரையை மாற்ற வேண்டி வந்தாலும், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றாலும் அந்த மரம் கைகொடுக்கும். அப்படிப்பட்ட மரத்தின் உச்சியில் ஒரு பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தால் என்ன செய்வது? மரத்தை வெட்டலாமா, கூடாதா? வெட்டாமல் விட்டால் வரும் கஷ்டத்தை யார் தாங்குவது?

இந்தக் கேள்விக்கு அஸ்ஸாம் மாநிலத்துக் கிராமப் பெண்கள் தங்கள் அனுபவத்தில் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். நம் ஊர் விவசாயிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய விடை அது.

எலும்பு விழுங்கும் பறவை

அஸ்ஸாமில் காமரூப் மாவட்டத்தில் தாதரா, பசாரியா, சிங்கிமாரி என்ற கிராமங்கள் இருக்கின்றன. பிரம்மபுத்திரா நதியின் சமவெளி. நெல் விளையும் பூமி. வீட்டைச் சுற்றிப் பாக்கு, வாழை, மூங்கில் என்று தோட்டம் வைத்திருப்பது அங்குள்ள வழக்கம். அந்தத் தோட்டங்களில் கடம்பு, இலவு போன்ற உயரமான மரங்களும் நிற்கும்.

இம்மரங்களின் உச்சியில் குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டுகிறது 'ஹர்கிலா' என்னும் பெரிய நாரை. நின்றால் ஏறக்குறைய 5 அடி உயரம்; இறக்கையை விரித்தால் 8 அடி இருக்கும். தலையிலும் கழுத்திலும் இறகு கிடையாது. கழுத்தில் ஒரு பை தொங்கும். ஆப்பு போலத் தடித்த அலகு. பார்ப்பதற்கு அழகான பறவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

'ஹர்கிலா' என்றால் எலும்பை விழுங்குவது என்று பொருள். செத்த பிராணிகளின் மாமிசம், மீன், தவளை, பாம்பு, எலி எல்லாமே இதற்கு இரை. ஊரில் கிடக்கும் அழுகலைத் தின்று தீர்ப்பதால் இதை இயற்கையின் துப்புரவுத் தொழிலாளி என்றே சொல்லலாம். 19-ம் நூற்றாண்டில் கல்கத்தா நகரத்துக் கட்டடங்களின் உச்சியில் இப்பறவைகள் கூட்டமாக நின்றதுண்டு. அந்நகரசபையின் பழைய முத்திரையிலேயே இதன் உருவம் இடம்பெற்றிருந்தது. பிற்காலத்தில் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் குறைந்தன. பெரிய மரங்கள் வெட்டப்பட்டன. இன்று இப்பறவை குஞ்சு பொரிக்கும் இடங்கள் அஸ்ஸாம், பீகார் மாநிலத்துப் பாகல்பூர் பகுதி, அயல்நாடான கம்போடியா என்று சுருங்கிவிட்டன.

மரம் வீட்டுக்காரருடையது

காட்டில் கூடு கட்டினால் காவலுக்கு வனத்துறை இருக்கிறது. ஹர்கிலாவோ மனிதர் குடியிருக்கும் இடத்தை ஒட்டி, தனியாருக்குச் சொந்தமான மரத்தில் கூடு கட்டுகிறது. மரத்துக்குரியவர் மனம் வைத்தால்தான் அதற்கு வாழ்வு.

அவர் மனம் வைப்பது சுலபமல்ல. கூட்டிலிருந்து எச்சம் மழையாகக் கொட்டும். குஞ்சுகளுக்காகக் கொண்டுவரும் மாமிசமும் மீனும் தவறிக் கீழே விழுந்து அழுகும். நாற்றத்தில் வாசலில் உட்கார முடியாது. துணி உலர்த்த முடியாது. மரத்தடியில் போட்ட கீரையும் காய்கறியும் வீணாகும். போதாக்குறைக்கு இது அபசகுனப் பறவை, நோயைக் கொண்டுவரும் பறவை என்ற எண்ணமும் மக்களிடம் இருந்தது. ஆகவே கல்லால் அடித்து விரட்டினார்கள். மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள்.

2007-ல் நடந்தது

பூர்ணிமா தேவி பர்மன் என்ற பெண்மணி அப்போது பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யத் தொடங்கியிருந்தார். அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள்; இருவரும் சிறு பிள்ளைகள். 2007-ல் தாதரா கிராமத்தில் ஒருவர் தம் தோட்டத்து மரத்தை வெட்டினார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். மரத்தோடு கூடுகளும் விழுந்து, குஞ்சுகள் தரையில் கிடந்தன.

மரத்துக்காரரிடம் நியாயம் கேட்டார். அவரோ கோபித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தாரும் அவர் பக்கமே சேர்ந்து கேலி பேசினார்கள். நாற்றத்தைச் சகிப்பவர்கள் நாங்கள், தினமும் நீ வந்து கூட்டிப் பெருக்குவாயா என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இருந்ததைப் பூர்ணிமா உணர்ந்தார். பறவையைப் பற்றி ஆராய்ந்து ஏட்டில் எழுதிவிட்டால் பறவை பிழைக்காது. மரத்துக்குரியவர்களின் மனத்தை முதலில் அறிய வேண்டும் என்று தீர்மானித்தார். டாக்டர் பட்டத்துக்கான படிப்பைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போய்வரத் தொடங்கினார். அப்பட்டத்தை அவர் பெற்றது 2019-ல்தான்.

குற்றம் சொல்லவில்லை

மரம் வெட்டியவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தினால் காரியம் நடக்காது. பூர்ணிமா பறவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பெண்களோடு பழகினார். சமையல் போட்டி நடத்தினார். வீட்டு வேலைகளிலிருந்து ஒரு பொழுது விடுபட்டு வந்த பெண்கள், பலகாரம் செய்துகொண்டே ஹர்கிலாவைப் பற்றியும் கேட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பொதுவிடத்தில் கூட்டம் போட்டு, கூடு உள்ள மரத்தின் சொந்தக்காரர்களை மேடைக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். நேற்றுவரை நாற்றம் பிடித்த மரத்துக்காரர் என்று பேசப்பட்டவர், நம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த மரத்துக்காரர் ஆனார். தம் மரத்தில் எத்தனை கூடு என்று அவரே எண்ணிச் சொல்லும் காலம் வந்தது.

பறவை முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தில், கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்யும் சடங்கைப் பெண்கள் ஹர்கிலாவுக்கும் செய்கிறார்கள். நம் பக்கத்து வளைகாப்பு போன்றது இது. பாட்டுப் பாடி, பலகாரம் பங்கிட்டு உண்கிறார்கள். தாய்மை என்பது எல்லா உயிருக்கும் பொது என்பதைக் கூட்டம் போட்டு உபதேசிப்பதைவிட இந்தச் சடங்கு நன்றாக உணர்த்தியது.

இப்படித் திரண்ட பெண்களின் குழுவுக்கு 'ஹர்கிலா படை' என்று பெயர். சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல இவர்கள். நெல் நடுபவர்கள், மாடு வளர்ப்பவர்கள், தறி நெய்பவர்கள். ஊரூராகப் பரவி, 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள்.

படை செய்யும் வேலைகள்

இவர்கள் செய்யும் வேலைகளை நம் விவசாயிகள் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சங்கடத்தைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டது.

பலத்த காற்றில் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுந்து சாகும். அதைத் தடுக்க மரத்தடியில் வலை கட்டுகிறார்கள். அடிபட்ட குஞ்சுகளைக் காப்பாற்றி, சிகிச்சைக்கு அனுப்பி, தேறியபின் பறக்க விடுகிறார்கள்.

மரத்துக்காரரின் குடும்பத்துக்கு ஏதாவது வருமானம் வேண்டும் என்பதற்காகப் பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அஸ்ஸாம் பெண்கள் நெசவில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் உடுத்தும் மேகலா சாதரிலும், தோளில் போடும் கமோசாத் துண்டிலும் ஹர்கிலாவின் உருவத்தை நெய்து விற்கிறார்கள். பறவையின் பெயரால் வீட்டுக்குக் காசு வருகிறது. ஒரு காலத்தில் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்த பறவை, இன்று கல்யாண வீட்டுப் புடவையில் இடம் பிடித்திருக்கிறது.

இருக்கிற மரத்தைக் காப்பதோடு நில்லாமல், கூடு உள்ள மரங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் அருகில் 45,000 மரக்கன்றுகளை நடுவதற்கும் பூர்ணிமா மக்களுக்குத் துணைநின்றார். இன்று வைத்த கன்று கூடு தாங்கும் மரமாக வளரப் பல ஆண்டு ஆகும் என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பலன் என்ன?

பணி தொடங்கிய காலத்தில் தாதரா, பசாரியா, சிங்கிமாரி கிராமங்களில் இருந்த கூடுகள் 28. அவை 250-க்கு மேல் பெருகிவிட்டன என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ல் தெரிவித்தது. உலகில் ஹர்கிலா மிக அதிகமாகக் குஞ்சு பொரிக்கும் இடம் இக்கிராமங்கள்தாம் என்றும் கூறியது. அந்த ஆண்டில் பூர்ணிமாவுக்கு அவ்வமைப்பு தன் உயரிய விருதை அளித்தது. உலகப் பறவைகளின் நிலையைக் கணக்கிடும் பட்டியலில், அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற வகுப்பிலிருந்து ஹர்கிலா 2023-ல் இரண்டு படி மேலேறியது.

இதனால் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. எச்சம் இன்றும் விழத்தான் செய்கிறது. நாற்றமும் இருக்கிறது. மரம் இன்றும் வீட்டுக்காரருடையதே. பணமுடை வந்தால் வெட்டும் எண்ணமும் வரும். குவாஹாத்தி நகரம் பெருகப் பெருக ஏரிகள் சுருங்குகின்றன. நகரத்துக் குப்பை மேட்டில் இரை தேடும் நிலை பறவைகளுக்கு. ஆகவே ஒரு வருஷம் கூட்டம் போட்டுவிட்டு ஓய்ந்துவிட முடியாது. ஒவ்வொரு பருவத்திலும் மரத்துக்காரர்களின் வாசலுக்குப் பெண்கள் போய்வர வேண்டியிருக்கிறது. படையின் உண்மையான வேலை இதுதான்.

நம் ஊரில் செய்யக்கூடியவை

நம் நாட்டுப்புறத்துக்கு இது புதிதல்ல. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்ட அவ்வூர் விவசாயிகள், பறவைகளைச் சுடக்கூடாது என்று போராடி, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்தில் அதற்குக் கவுல் பெற்றார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக் கண்மாயை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை.

உங்கள் ஊர்ப் புளியமரத்திலோ, ஏரிக் கருவேலமரத்திலோ கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வக்கா போன்றவை கூடு கட்டுகின்றனவா? நாலைந்து பேர் சேர்ந்தால் போதும், கீழ்க்கண்டவற்றைத் தொடங்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கூடு உள்ள மரங்களையும், அவற்றின் சொந்தக்காரர் பெயரையும் எழுதுங்கள். பறவை வந்த தேதி, கூடுகளின் எண்ணிக்கை, குஞ்சுகள் பறந்துபோன தேதி இவற்றை ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். பறவைகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பது இதில் தெரிந்துவிடும்.

மரத்தை வெட்டியே தீர வேண்டும் என்று ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். குஞ்சுகள் பறந்துபோகும் வரை சில மாதம் பொறுக்கும்படி கேளுங்கள். அவருடைய பணமுடை என்னவென்றும் விசாரியுங்கள். கூடு இல்லாத கிளைகளைக் கழித்து விற்பதில் அவருக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கலாம். மரத்தடியைச் சுத்தம் செய்ய முறைபோட்டு ஆள் அனுப்புங்கள்.

விழுந்த எச்சத்தைப் பச்சையாகப் பயிருக்குப் போடவேண்டாம், பயிர் கருகும். சருகோடும் வண்டல் மண்ணோடும் எருக்குழியில் சேர்த்து மக்கவிட்டால் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த எரு கிடைக்கும். அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பின்பு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்கும் வனத்துறைக்கும் உடனே தெரிவியுங்கள்.

பறவைகள் இரை தேடும் வயலிலும் வாய்க்காலிலும் பூச்சிமருந்து டப்பாக்களைக் கழுவாதீர்கள். மருந்து கலந்த தண்ணீரில் மீனும் நத்தையும் சாகும். அவற்றைத் தின்னும் பறவைக்கும் கேடு. நெல் வயலில் நத்தையைப் பொறுக்கித் தின்னும் நாரை, கூலி கேட்காமல் நமக்கு வேலை செய்கிறது என்பதை மறக்கக்கூடாது.

முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. ஊர்க்கூட்டத்திலோ, கோயில் திருவிழாவிலோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவிலோ கூடு உள்ள மரத்தின் சொந்தக்காரரை எல்லோர் முன்னிலையிலும் அழைத்து ஒரு துண்டு போர்த்துங்கள். செலவு அதிகமில்லை. தாதரா கிராமத்தில் கோடாலியைக் கீழே வைக்கச் செய்தவற்றில் அந்தத் துண்டுக்கும் பங்கு உண்டு.