காணாமல் போய்த் திரும்பிய கண்டித் தேரை!

குழந்தைகளே! மழை பெய்த இரவில், தெருவிளக்கின் கீழே பூச்சிக்காகக் காத்திருக்கும் சொறித்தவளையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தேரை. எங்கள் ஆம்பூர் தெருக்களில் சாதாரணமாகத் தென்படும் இதற்கு, இலங்கையில் ஓர் உறவினர் உண்டு. அது 133 ஆண்டுகள் காணாமல் போயிருந்தது!

1872-ல், லண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குந்தர் என்ற அறிஞர் இந்தச் சின்னஞ்சிறு தேரையைப் பற்றி எழுதினார். கண்டி நகரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 1876-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. காபிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அங்கே மலைக்காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. 2004-ல், ‘இந்த இனம் அழிந்துவிட்டது’ என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? 2009-ல் சிவனொளிபாதமலைக் காட்டில் மெண்டிஸ் விக்ரமசிங்க என்ற ஆய்வாளரும் குழுவினரும், வேகமாக ஓடும் ஓடை அருகே ஒரு வித்தியாசமான தேரையைக் கண்டார்கள். உடனே ஆரவாரம் செய்யவில்லை. பழைய குறிப்புகளோடு பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்து, 2012-ல்தான் உலகுக்குச் சொன்னார்கள். ஆம், அதே கண்டித் தேரை!

காட்டையும் சுத்தமான ஓடையையும் நம்பியே அது வாழ்கிறது. அதனால் ஆபத்து இன்னும் நீங்கவில்லை.

தோல் தொழிலுக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. தேரையின் தோலோ அதிசயமானது! தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். ஓரளவு மூச்சும் தோல் வழியாகவே விடும். எனவே நீரில் கலக்கும் விஷம் நேராக அதன் உடலுக்குள் போய்விடும். தோல் பதனிடும் கழிவுநீரால் எங்கள் பாலாறு கெட்டது. அதைத் தடுக்க 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. நீர் கெட்டால் முதலில் துன்பப்படுபவை இத்தகைய சிறு உயிர்கள்தாம்.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது வெறும் கட்டுக்கதை. ஆனால் அதன் தோலில் நச்சுப் பால் உண்டு. தொட நேர்ந்தால் கையைக் கழுவுங்கள். கல்லால் அடிக்காதீர்கள், உப்பைத் தூவாதீர்கள். பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் நண்பன் அது.

கண்டித் தேரை திரும்பி வந்தது நம் அதிர்ஷ்டம். தொலைந்த எல்லா உயிர்களும் அப்படித் திரும்புவதில்லை, குழந்தைகளே!