மான்ட்ரியல் ராயல்ஸ்: ஓர் இரண்டாம் நிலை அணியின் வரலாறு

தசம எண்கள் பாடத்தில் நான் கரும்பலகையில் தவறாமல் எழுதும் கணக்கு 155 ÷ 444. விடை ஏறத்தாழ 0.349. இது ஜாக்கி ராபின்சன் என்ற பேஸ்பால் வீரரின் 1946-ஆம் ஆண்டு மட்டையடிச் சராசரி. கணக்கில் வந்த 444 வாய்ப்புகளில் 155 முறை அவர் வெற்றிகரமாக அடித்திருக்கிறார். அந்த லீக்கிலேயே அதுதான் அவ்வாண்டின் முதலிடம். விடை வந்ததும் "யார் சார் அவர்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

பேஸ்பாலில் உயர்நிலைப் போட்டிகளை மேஜர் லீக் என்பார்கள். அதற்குக் கீழே உள்ளது மைனர் லீக். இளம் வீரர்களைப் பழக்கி மேலே அனுப்புவதே அதன் முக்கிய வேலை. கனடாவின் மான்ட்ரியல் நகரத்து 'ராயல்ஸ்' அப்படியோர் அணி. 1897-இல் தொடங்கி, இடையில் நின்று, 1928-இல் டெலோரிமியே அரங்கத்தோடு மீண்டும் உயிர்பெற்றது. 1939 முதல் நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வீரர்களை உருவாக்கித் தந்தது.

அக்காலத்தில் கறுப்பின வீரர்களுக்கு இந்த லீக்குகளில் இடமில்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் எல்லா அணிகளும் அதைக் கடைப்பிடித்தன. எழுதாத விதியை மீறுவதுதான் கடினம் என்பது என் எண்ணம். டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945 அக்டோபரில் ராபின்சனை ஒப்பந்தம் செய்து, முதலில் மான்ட்ரியலுக்கு அனுப்பினார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கடும் நிறப்பாகுபாடு அந்நகரில் இல்லை.

ஆனால் பயிற்சி ஆட்டங்கள் தென்மாநிலமான ஃபுளோரிடாவில் நடந்தன. ஜாக்சன்வில் நகரில் அரங்கத்தையே பூட்டிவிட்டார்கள். டிலாண்ட் நகரில் விளக்குகள் பழுது என்று சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். அது பகல் ஆட்டம்! வகுப்பு சிரிக்கும், பிறகு மெல்ல அமைதியாகும்.

1946 ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் முதல் லீக் ஆட்டம். ஐந்து வாய்ப்புகளில் நான்கு வெற்றிகரமான அடிகள். அவற்றில் ஒன்று மூன்று ரன் தந்த ஹோம் ரன். ஓடி முடித்து வந்த ராபின்சனின் கையை, அடுத்து ஆட நின்ற வெள்ளை வீரர் ஜார்ஜ் ஷூபா பற்றிக் குலுக்கினார். அந்தப் புகைப்படம் இன்றும் பேசப்படுகிறது. ராயல்ஸ் 14-1 என வென்றது.

பருவ இறுதியில் லூயிவில் அணியோடு தொடர். லூயிவில் மண்ணில் ரசிகர்கள் ராபின்சனைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அங்கே ஆடிய மூன்றில் இரண்டு ஆட்டங்களை ராயல்ஸ் இழந்தது. மான்ட்ரியலுக்கு வந்ததும் உள்ளூர் ரசிகர்கள் லூயிவில் வீரர்களை நோக்கி அதே கூச்சலைத் திருப்பிப் போட்டார்கள். (நல்ல நடத்தை என்று சொல்லமாட்டேன், ஆனால் யார் பக்கம் நின்றார்கள் என்பது தெளிவு.) அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களையும் வென்று ராயல்ஸ் கோப்பையைப் பெற்றது. மகிழ்ச்சியில் மக்கள் ராபின்சனைத் தோளில் தூக்கினார்கள்; அரங்கத்துக்கு வெளியேயும் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

1947 ஏப்ரல் 15-இல் அவர் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். மேஜர் லீக்கின் தடை உடைந்தது. ராயல்ஸ் அணி 1960 பருவத்தோடு முடிவுக்கு வந்தது. பிறகு டெலோரிமியே அரங்கமும் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளி நடக்கிறது.