கைப்பக்குவத்தை ஏட்டில் எழுதுதல்

சமைக்கத் தெரிந்தவர் அனைவருக்கும் சமையலை எழுதத் தெரியும் என்று சொல்வதற்கில்லை. "கொஞ்சம் உப்பு, வேண்டிய அளவு புளி, பதமாக வந்ததும் இறக்கவும்" என்று எழுதினால், சமையல் அறிந்தவருக்கு அது தேவையில்லை; அறியாதவருக்கு அதனால் பயனில்லை. தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இது சிறிய குறையன்று. ஊரில் இருப்பவள் ஐயம் எழுந்தால் அடுத்த வீட்டுப் பாட்டியைக் கேட்பாள். தெற்கு அந்தமானின் கராச்சர்மாவில் புதுக்குடித்தனம் தொடங்கும் பெண் யாரைக் கேட்பாள்? இன்று தாயைத் தொலைபேசியில் அழைக்கலாம். அத்தாயின் காலத்திற்குப் பின் அவள் கைப்பக்குவம் எங்கே கிடைக்கும்? ஆகவே சமையலை எழுதும் முறையைப் பயில்வது நமக்கு இன்றியமையாதது.

இதற்கு வழிகாட்டியவர் எஸ். மீனாட்சி அம்மாள். வெளியூர் உறவினர் பலர் அவரிடம் செய்முறைகளைக் கேட்டு எழுதுவது வழக்கம். அவற்றை நூலாக்குமாறு உறவினரான ராவ்பகதூர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டினார். அவ்வாறே 1951ஆம் ஆண்டில் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. அம்மையார் 1962இல் மறைந்தார். நூலோ பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு இன்றும் புதுக்குடித்தனங்களுக்குத் துணை நிற்கிறது. அருகில் வந்து கேட்க இயலாதவரை மனத்தில் கொண்டு எழுதியதே அதன் சிறப்பு.

எழுத விரும்புவோர் முதலில் பழக வேண்டியது அளவு. தாயாரிடம் "எவ்வளவு?" என்று கேட்டால், "கண்ணளவுதான்" என்பார். ஆகையால் கேட்பதை விட்டு நிறுத்துப் பாருங்கள். சமையலுக்கு முன் உப்பு ஜாடியை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சமையல் முடிந்ததும் மறுபடி நிறுங்கள். குறைந்த எடையே அவர் கையளவு. அன்று எத்தனை பேருக்குச் சமைத்தார் என்பதையும் குறிக்க மறவாதீர்கள். வீட்டுப் பாத்திரங்கள் காலத்தால் மாறுபவை. ஆழாக்கும் பலமும் இன்றைய இளையோருக்குப் புரிவதில்லை. ஆழாக்கு சுமார் 168 மில்லிலிட்டர், பலம் சுமார் 35 கிராம் என்று அருகில் எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்தது.

அடுத்தது பதம். கடிகாரத்தை மட்டும் நம்பி எழுதலாகாது. இட்லி மாவு அந்தமானின் வெப்பத்தில் ஓர் இரவுக்குள் பொங்கிவிடும்; தில்லியின் மார்கழிக் குளிரில் அதே நேரத்தில் அசையாமல் கிடக்கும். உதகை போன்ற உயரமான இடங்களில் தண்ணீர் சுமார் 93 பாகை வெப்பத்திலேயே கொதிப்பதால் பருப்பு வேகத் தாமதமாகும். எனவே "எட்டு மணி நேரம் வைக்கவும்" என்பதோடு, "மாவு இருமடங்காக உயர்ந்து, குமிழ் கண்டு, இலேசான புளிப்பு மணம் வரும் வரை" என்றும் எழுதுங்கள். கண்ணும் மூக்கும் எந்த ஊரிலும் பொய் சொல்லமாட்டா.

மூன்றாவது சோதனை. எழுதியதைச் சமையல் அறியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் இருக்கலாம், வாய் திறக்கலாகாது. அவர் எந்த வரியில் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியே திருத்தத்திற்குரியது. அடுப்பை மூட்டிய பிறகு, "முன்னதாக ஊறவைத்த புளியை" என்ற வரியைக் கண்டு அவர் திகைத்தால், குற்றம் அவருடையதன்று.

இறுதியாக, வாழும் இடத்தையும் எழுதுங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் மக்களில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளியரும் தெலுங்கரும் அயலாராக வாழும் இத்தீவுகளில் நம் சமையலும் புது வழக்கங்களை ஏற்றுள்ளது. கொத்தமல்லிக்குப் பதிலாக நீண்ட இலையுடைய பர்மா தனியா ரசத்தில் மணக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்வதால் வடகம் காயவைக்கும் பருவத்தையும் குறித்தாக வேண்டும். இவற்றை, 'ஊர் முறையிலிருந்து தவறியவை' என்று மறைக்கவேண்டா. தஞ்சையின் குழம்பைத் தஞ்சையில் இருப்போர் எழுதிக்கொள்வர். கராச்சர்மாவின் குழம்பை அங்கு வாழ்வோரே எழுத வேண்டும்.

பெரிய நூலை எண்ணி மலைக்க வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு சிறு தராசும் போதும். வீட்டில் எல்லோரும் விரும்பும் ஒரே ஒரு பண்டத்தை இந்த வாரம் எழுதிப் பாருங்கள். யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரையும் மேலே எழுதுங்கள். அவர் அருகில் இருக்கும்போதே எழுதினால், பிழையைத் திருத்தவும் அவரே இருப்பார்.