அடிப்படை உரிமைகளைக் கற்பித்தல்: கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு கடிதம்

நமது உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அடிப்படை உரிமைகள் ஒரு நிலையான பாடமாக இருந்து வருகின்றன. அரசியல் சட்டத்தின் மூன்றாம் பகுதி 12-வது விதியில் தொடங்கி 35-வது விதியில் முடிகிறது. சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை, சமய உரிமை, பண்பாடு மற்றும் கல்வி உரிமை, அரசியல் சட்டப் பரிகாரம் பெறும் உரிமை என அவை ஆறு வகைப்படும். சொத்துரிமை 1978-ஆம் ஆண்டின் 44-வது திருத்தத்தால் இப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வளவும் மாணவர்கள் பிழையின்றி எழுதக்கூடியவையே. ஆயினும், ஒருவரைக் காவல் துறையினர் கைது செய்யும்போது எந்தத் தாளில் யார் யார் கையொப்பமிட வேண்டும், அச்செய்தி யாருக்கு, எவ்வளவு நேரத்திற்குள் எட்ட வேண்டும் என்று கேட்டால் நன்கு படித்த மாணவர்கள்கூடத் தயங்குகின்றனர்.

இது மாணவர்களின் குறை அன்று. பாடம் அமைந்துள்ள முறையின் குறை. ஓர் உரிமை நடைமுறைக்கு வரும்போது அதற்கு ஒரு நேரக்கெடு, ஒரு படிவம், ஒரு பொறுப்பு அலுவலர், ஒரு கையொப்பம் ஆகியவை தேவைப்படுகின்றன. இவற்றை விலக்கிவிட்டு விதியின் எண்ணை மட்டும் கற்பித்தால், மாணவன் தேர்வில் வெற்றி பெறுவான். காவல் நிலையத்தின் வாயிலில் அவனுக்கு அந்த எண் பயன்படாது. இதனை விளக்குவதற்கு மேற்கு வங்கத்திலிருந்து எழுந்த திலீப் குமார் பாசு வழக்கைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் சட்ட வரலாற்றில் அரிது.

காளிகாட்டுப் படங்கள்

சட்டத்தைப் பற்றிய செய்தி மக்களிடம் எவ்வாறு பரவியது என்பதற்குக் கொல்கத்தாவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. நகரின் தென்பகுதியில், ஆதி கங்கை எனப்படும் கால்வாயின் கரையில் அமைந்துள்ளது காளிகாட். இன்றைய காளி கோயில் 1809-இல் கட்டப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைச் சுற்றிப் பட்டுவாக்கள் எனப்படும் ஓவியர்கள் கடை விரித்து, ஆலைக் காகிதத்தில் நீர்வண்ணத்தால் விரைந்து தீட்டிய படங்களை யாத்திரிகர்களுக்கு மலிவாக விற்றனர். தெய்வ உருவங்களோடு ஊரில் பேசப்பட்ட நிகழ்ச்சிகளும் அவர்கள் கைவண்ணத்தில் இடம் பெற்றன.

அவற்றுள் புகழ் பெற்றது 1873-ஆம் ஆண்டின் தாரகேசுவரம் வழக்கு. தாரகேசுவரம் கோயிலின் மகந்து தன் மனைவியோடு தகாத உறவு கொண்டதை அறிந்த நவீன் சந்திரன் என்பவர், மனைவி ஏலோகேசியைக் கொன்றார். ஹூக்ளி நீதிமன்றத்தில் ஜூரிகள் அவரை விடுவிக்க விரும்பினர். நீதிபதி அதனை ஏற்காது உயர் நீதிமன்றத்திற்கு அனுப்பினார். நாடு கடத்தல் தண்டனை கிடைத்தது. மக்கள் மனுமேல் மனு அனுப்பியதன் பேரில் அவர் 1875-இல் விடுதலை பெற்றார். மகந்துக்கும் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. நீதிமன்றக் காட்சியையும், மகந்து சிறையில் செக்கு இழுப்பதையும் காளிகாட் ஓவியர்கள் வரைந்தனர். எழுத்தறியாத யாத்திரிகர் பலரும் வழக்கு, விசாரணை, சிறை என்பவற்றின் தோற்றத்தை இப்படங்களின் வழியாகவே கண்டிருக்கக்கூடும்.

ஆனால் அப்படங்களில் சட்டம் ஒரு வேடிக்கைக் காட்சியாகவே நிற்கிறது. பிடிபட்டவர் எதனைக் கேட்டுப் பெறலாம் என்பது அவற்றில் இல்லை. அந்நாளில் கேட்டுப் பெறுவதற்கு அதிகம் இருக்கவும் இல்லை. வங்கத்தின் 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஒருவரை விசாரணையின்றியே சிறை வைக்க முடிந்தது. 1924-இல் கைதான சுபாஷ் சந்திர போஸ் மாந்தலே சிறையில் ஆண்டுக் கணக்கில் வைக்கப்பட்டதும் விசாரணையின்றியே. அரசியல் நிர்ணய சபையில் இருந்தோரில் பலர் இத்தகைய சிறைவாசத்தை நேரில் அறிந்தவர்கள். இன்றைய 21-வது விதி நாடாளுமன்றத்திற்கு மிகுந்த அதிகாரத்தை விட்டுவைக்கிறது என்ற கண்டனம் எழுந்தபோது, அதனை ஈடு செய்யும் முறையில் 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் 15-ஏ என்ற புதிய விதியைக் கொண்டு வந்தார். அதுவே இன்றைய 22-வது விதி. கைதுக்கான காரணத்தை அறிதல், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து கொள்ளுதல், 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தப்படுதல் ஆகிய மூன்றும் அதன் முதல் இரு உட்பிரிவுகளில் உள்ளன.

1986-ஆம் ஆண்டுக் கடிதம்

காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 1986 ஏப்ரலில். நகரம் அப்புதுமையில் மகிழ்ந்திருந்த அதே ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் டெலிகிராப், ஸ்டேட்ஸ்மன், இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆகிய நாளேடுகளில் காவல் நிலையக் கொட்டடிகளில் நேர்ந்த மரணங்களைப் பற்றிய செய்திகள் வெளியாயின. மேற்கு வங்கச் சட்ட உதவிப் பணிகள் என்ற பதிவு பெற்ற சங்கத்தின் செயல் தலைவரான திலீப் குமார் பாசு, ஆகஸ்ட் 26-ஆம் நாள் இச்செய்திகளைச் சுட்டிக்காட்டி இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். 1987 பிப்ரவரி 9-இல் அக்கடிதமே ஒரு மனுவாக ஏற்கப்பட்டது. 32-வது விதி உச்ச நீதிமன்றத்தை அணுகும் உரிமையையே அடிப்படை உரிமையாக்கியுள்ளது. அதன் முழுப் பொருளையும் மாணவர் உணர்வதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதுமானது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அனைத்து மாநில அரசுகளுக்கும் சட்ட ஆணையத்திற்கும் அறிவிப்பு அனுப்பப்பட்டது. தீர்ப்பு வெளிவர 1996 டிசம்பர் 18 வரை ஆயிற்று. நீதிபதிகள் குல்தீப் சிங், ஆனந்த் ஆகியோர், சட்டம் இயற்றப்படும் வரை கைதின்போதும் காவலின்போதும் கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளை வகுத்தனர். தவறும் அலுவலர் மீது துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் எடுக்கலாம் என்றும் கூறினர்.

நம் பொருளுக்கு முக்கியமானது தீர்ப்பின் இறுதிப் பகுதி. இக்கட்டளைகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் ஒலி, ஒளி பரப்புவதும், வட்டார மொழியில் துண்டுப் பிரசுரங்களாக வழங்குவதும் பயன் தரும் என நீதிமன்றம் குறிப்பிட்டது. அதாவது, குடிமகனுக்குக் கற்பிப்பதையே காவல் கொடுமைக்கு எதிரான ஒரு தடுப்பு முறையாக நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கருதியது. கல்வித் துறையினர் இக்குறிப்பைப் போதிய அளவில் கண்டுகொள்ளவில்லை என்பதே என் கருத்து.

வகுப்பறையில் ஒரு கணக்கு

பதினொரு கட்டளைகளையும் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் பழைய குறையே மீளும். மாறாக, ஒரு கற்பனைச் சூழலைக் கொடுத்து, கணிதத்தில் செய்வது போல விடை காணச் சொல்லலாம்.

இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் காளிகாட்டுக்கு வருகிறார். சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கோயில் தெருவில் ஒரு திருட்டுப் புகாரின் பேரில் கைது செய்யப்படுகிறார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இனி நிகழ வேண்டியவை யாவை?

முதலில், கைது செய்யும் அலுவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும். கைது செய்த அப்பொழுதே கைதுக் குறிப்பாணை எழுதப்பட வேண்டும். அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தினர் ஒருவர் அல்லது அவ்வட்டாரத்தின் மதிப்புக்குரிய ஒருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். கைதானவரும் கையொப்பமிட வேண்டும். இளைஞருக்கு உறவினர் எவரும் உடன் இல்லை. அப்படியானால் சாட்சி யார்? தெருவின் கடைக்காரரா, அவர் தங்கிய விடுதியின் மேலாளரா? மாணவர்கள் இக்கேள்வியை விவாதிக்கும்போது, அந்தக் கையொப்பம் எதற்காக வைக்கப்பட்டது என்பது தானே விளங்கும். இரவு 9 மணிக்குப் பிடிக்கப்பட்டவரை மறுநாள் மாலையில் பிடித்ததாக எழுத முடியாமல் செய்வது அதுவே.

அடுத்து, செய்தி அறிவித்தல். உறவினர் வேறு மாவட்டத்தில் இருப்பதால், அங்குள்ள சட்ட உதவி அமைப்பின் மூலமும் காவல் நிலையத்தின் மூலமும் 8 முதல் 12 மணி நேரத்திற்குள் தந்தி வழியே தெரிவிக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. கணக்கிட்டால் ஞாயிறு காலை 5 மணியிலிருந்து 9 மணிக்குள். (தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. தொலைபேசி கையில் உள்ள இக்காலத்தில் அக்கால வரம்பைத் தாண்டுவதற்குக் காரணம் கூறுவது இன்னும் கடினம்.) யாருக்கு, எப்பொழுது தெரிவிக்கப்பட்டது என்பது நிலைய நாட்குறிப்பில் பதிவாக வேண்டும். இளைஞர் கேட்டுக்கொண்டால் அவர் உடலிலுள்ள காயங்கள் அப்பொழுதே குறிக்கப்பட்டு, அதன் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும். காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்திற்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை தேவை. விசாரணையின்போது, முழு நேரமும் அல்லாவிடினும், வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதி உண்டு.

நடுவர் முன் நிறுத்தும் கெடு எது? பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரம். ஆகவே ஞாயிறு இரவு 9 மணி. ஞாயிறு விடுமுறை என்ற வாதம் செல்லாது. காளிகாட்டுக்கு உரிய நீதிமன்றங்கள் ஆதி கங்கைக்கு அக்கரையில் அலிப்பூரிலேயே உள்ளமையால் பயண நேரத்தைக் காட்டித் தப்பவும் வழியில்லை.

மிகக் கடினமான வினா மொழியைப் பற்றியது. கைதுக்கான காரணம் வங்காளியிலோ ஆங்கிலத்திலோ படித்துக் காட்டப்பட்டால் 22-வது விதி நிறைவேறியதாகுமா? தடுப்புக் காவல் பற்றிய ஹரிகிசன் வழக்கில், ஆங்கிலம் அறியாதவருக்கு ஆங்கிலத்தில் காரணங்களைக் கொடுத்தது போதாது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், எக்குற்றமாயினும் காரணத்தைக் கைதானவர் புரிந்துகொள்ளும் மொழியில் எழுத்து மூலம் தர வேண்டும்; உடனே இயலாவிடில் முதலில் வாய்மொழியாகச் சொல்லி, நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக எழுத்தில் தர வேண்டும் என்று அந்நீதிமன்றம் விதித்துள்ளது. ஆகவே நம் இளைஞருக்குத் தமிழில் எழுதிய தாள் ஞாயிறு மாலை 7 மணிக்குள் கிடைத்தாக வேண்டும். காளிகாட்டை அடுத்த ஏரிப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. எழுதித் தர ஆள் கிடைப்பது அரிதன்று. இதே சூழலைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதும் நன்று. திருப்பூரிலோ சென்னையிலோ கைதாகும் வங்காளித் தொழிலாளிக்கு அத்தாளை எழுதித் தருவது யார்? அலுவலர்கள் முன்கூட்டியே விடை தேடி வைக்க வேண்டிய கேள்வி இது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று ஒரு மாணவராவது கேட்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புகள் சட்டத்தின்படி, காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். தொலைபேசி எண் 15100. விதிகளின் எண்களோடு இந்த எண்ணும் மாணவர் நினைவில் இருக்கட்டும்.

தீர்ப்பிலிருந்து சட்டத்திற்கு

பதினொரு கட்டளைகளில் பெரும்பாலானவை 2005, 2008-ஆம் ஆண்டுத் திருத்தங்களின் வழியாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்தன. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கைதுக் குறிப்பாணை 36-வது பிரிவிலும், வழக்கறிஞர் சந்திப்பு 38-வது பிரிவிலும், உறவினருக்கு அறிவித்தல் 48-வது பிரிவிலும், 24 மணி நேர வரம்பு 58-வது பிரிவிலும் காணப்படுகின்றன. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கைது விவரங்களுக்குப் பொறுப்பான ஓர் அலுவலர் குறிக்கப்பட வேண்டும் என்பது 37-வது பிரிவு. பழைய பாடநூல்களில் உள்ள பிரிவு எண்களைத் திருத்தாமல் பயன்படுத்துவது மாணவரைக் குழப்பும்.

இவ்வளவு இருந்தும் கொடுமை அற்றுப் போகவில்லை. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. அதனை உறுதி செய்யும் படி இன்னும் நிறைவேறவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் சட்டமாகவில்லை. இவற்றை மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. உரிமைகளின் சிறப்பை மட்டும் கூறும் பாடத்தை, நாளிதழ் படிக்கும் மாணவன் நம்ப மாட்டான்.

இப்பயிற்சி முடிந்தபின் 22-வது விதியை முழுமையாகப் படிக்கச் செய்வது நல்லது. மூன்றாம் உட்பிரிவை எட்டியதும், முதல் இரு உட்பிரிவுகள் தடுப்புக் காவலில் உள்ளவருக்குப் பொருந்தா என்பதை மாணவர்கள் காண்பார்கள். காளிகாட்டில் கைதான அந்த இளைஞர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்தால் நம் கணக்கில் எவை எவை மாறும் என்ற கேள்வி அங்கே எழும். அதற்கு, சென்னை மாநிலச் சிறையிலிருந்து ஏ.கே. கோபாலன் தொடுத்து 1950-இல் தோற்ற வழக்கில் தொடங்கி, தனியாக ஒரு பாட வேளையை ஒதுக்க வேண்டும்.