கூட்டத்தில் ஒரு போலி முகம்

பலர் தோன்றும் வீடியோவில் ஒருவருடைய முகத்தை மட்டும் டீப்ஃபேக் முறையில் மாற்றியிருந்தால், அதைக் கண்டுபிடிப்பது ஒற்றை ஆள் பேசும் வீடியோவைச் சோதிப்பதைவிடக் கடினம். இதற்கான மென்பொருள்கள் பல, ஒருவர் கேமராவை நேராகப் பார்க்கும் காட்சிகளைக் கொண்டே பயிற்சி பெற்றவை. இந்தக் குறையை நீக்க 2021-இல் உருவான எஃப்.எஃப்.ஐ.டபிள்யூ. தொகுப்பில் 10,000 போலி வீடியோக்கள் உள்ளன. ஃபிரேமுக்குச் சராசரியாக மூன்று முகங்கள்.

சோதனையின் முதல் வேலை, முகங்களை வெட்டியெடுத்து, ஒரே ஆளின் முகங்களை ஃபிரேம் ஃபிரேமாக ஒரு வரிசையில் கோப்பது. ஒருவரை ஒருவர் மறைத்தாலோ ஷாட் மாறினாலோ இந்த வரிசை அறுந்துவிடும். பின்னால் நிற்பவரின் முகம் மிகச் சில பிக்சல்களே இருக்கும். போலியின் தடயம் வீடியோவைச் சுருக்கும்போதே அழிந்திருக்கக்கூடும்.

மென்பொருள் ஒவ்வொரு முகத்துக்கும், அது போலியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு மதிப்பெண் தரும். அந்த மதிப்பெண்களைச் சேர்த்து வீடியோவுக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் பெரிய சிக்கல். சராசரி எடுத்தால், ஒன்பது உண்மை முகங்களுக்கு நடுவே ஒரு போலி அமுங்கிப்போகும். மிக அதிக மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் வேறோர் ஆபத்து. உண்மை முகத்தை 100-க்கு 5 முறை போலி என்று சொல்லிவிடும் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், பத்துப் பேர் உள்ள உண்மையான வீடியோக்களில் 100-க்கு 40-இல் அது யாராவது ஒருவர்மீது பழி போடும். பழி விழுவது உயிருள்ள மனிதர்மீது. இதைச் சிறு பிழை என்று ஒதுக்க முடியாது. ஆகவே புதிய முறைகள், எந்த முகத்துக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதையும் பயிற்சியிலேயே கற்றுக்கொள்கின்றன.

கூட்டத்தால் ஒரு நன்மையும் உண்டு. ஒரே காட்சியில் நிற்பவர்களின் முகங்கள் ஒரே கேமரா, ஒரே வெளிச்சம் வழியாக வந்தவை. ஒட்டப்பட்ட முகத்தில் மட்டும் கூர்மையும் நிழலும் நுண்புள்ளிகளின் சிதறலும் வேறுபடலாம். பக்கத்தில் நிற்பவர்களே சாட்சி ஆகிறார்கள்.

காணொளிக் கூட்டங்களில் இந்தச் சாட்சி கிடைக்காது. அங்கே ஒவ்வொருவரும் வேறு கேமரா, வேறு அறை. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில், பிரிட்டனின் ஆரப் பொறியியல் நிறுவன ஊழியர் ஒருவர் அப்படியொரு கூட்டத்தில் கண்டவர்களை நம்பி ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அவரைத் தவிர அதில் தோன்றிய எல்லோருமே போலி. அத்தகைய வீடியோவில் ஒவ்வொரு முகத்தையும் தனியே எடுத்து, உதட்டசைவு குரலோடு பொருந்துகிறதா, முகத்தின் விளிம்பு ஃபிரேமுக்கு ஃபிரேம் நடுங்குகிறதா என்று சோதிப்பதே வழி.